கீழே ஒரு நோட்டீஸ், மேலே ஓர் அறிக்கை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாகத் தமிழறிஞர்கள் பேசுவார்கள். இந்த ஆண்டு, மும்பை மாநகராட்சியில் சுகாதார ஆய்வாளனாக இருந்து ஓய்வுபெற்ற என்னை நிறுத்தியிருக்கிறார்கள். அழைக்க வந்த நண்பரிடம், "நான் பேசினால் கட்டர், எலி, கொசுப்புழு என்றுதான் பேச்சு போகும், சாப்பாட்டுக்கு முன்னால் வைக்காதீர்கள்" என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, பந்திக்குச் சரியாக ஒரு மணி நேரம் முன்னால் வைத்துவிட்டார். பொறுத்தருள வேண்டும்.

சொல்ல வந்த செய்தி ஒன்றுதான். வீடுகளுக்கும் கடைகளுக்கும் என் கையால் எழுதிய நோட்டீஸ்களுக்குக் கணக்கில்லை. அவற்றோடு சேர்த்து எழுத வேண்டிய இன்னொரு தாள் உண்டு. இன்றைய பேச்சு அந்தத் தாளைப் பற்றியது.

1. சானிட்டரி வராரு

எங்கள் வேலைக்குப் பெயர் பலமுறை மாறியிருக்கிறது. 1840களில் லிவர்பூல் நகரம் இந்த வேலைக்கு ஆள் வைத்தபோது அவருக்குக் கொடுத்த பட்டம் 'இன்ஸ்பெக்டர் ஆஃப் நியூசன்ஸ்'. ஊரில் எது தொல்லையோ அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர். பிறகு அது சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஆனது. பிரிட்டனில் 1956இல் பொதுச் சுகாதார ஆய்வாளர் என்றும், 1970களில் சுற்றுச்சூழல் சுகாதார அலுவலர் என்றும் மாற்றிக்கொண்டார்கள். நம் ஊரில் சானிட்டரி இன்ஸ்பெக்டரே நிலைத்துவிட்டது. தாராவியில் அதுவும் சுருங்கி வெறும் 'சானிட்டரி' ஆகிவிட்டது. "சானிட்டரி வராரு, டிரம்மை மூடுங்க!" என்று கல்லி எனும் சந்தின் முனையில் ஒரு பையன் கத்துவான். நான் உள்ளே நுழைவதற்குள் பாதி மூடிகள் ஏறியிருக்கும்.

எங்கள் கையில் இருக்கும் சட்டம் 1888ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டம். படிப்பு, சானிட்டரி இன்ஸ்பெக்டர் டிப்ளமா. 1926இல் இதே ஊரில் தொடங்கிய அகில இந்திய உள்ளாட்சி நிறுவனம் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் படிப்பு அது. தாராவி ஜி வடக்கு வார்டு, மாட்டுங்கா எஃப் வடக்கு, செம்பூர் எம் மேற்கு. மூன்றிலும் நடந்திருக்கிறேன். மூன்றிலும் பாதி வேலையைத் தமிழிலேயே முடித்திருக்கிறேன்.

2. ஒரு நீல டிரம்

மழைக்காலத்தில் பூச்சித் தடுப்புப் பிரிவினரோடு வீடு வீடாகப் போவோம். அப்படி ஓர் ஆகஸ்ட் மாதம், 90 அடி ரோட்டுக்கு உள்ளே, எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய ஒரு கல்லி. கோலி என்ற ஒற்றை அறை வீட்டின் வாசலில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம். இருநூறு லிட்டர் பிடிக்கும்.

டிரம்முக்குள் பார்ப்பதற்கு ஒரு பக்குவம் வேண்டும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, நிழல் விழாமல், சற்று நேரம் அசையாமல் நிற்க வேண்டும். வெளிச்சம் பட்டதும் புழு நெளிந்துகொண்டு அடியில் ஓடும். மூச்சு முட்டினால் மேலே வந்துதானே ஆக வேண்டும்? வந்ததும் எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நீர்ப்பரப்போடு சமமாகப் படுத்திருந்தால் அனாபிலிஸ், மலேரியாவைக் கொண்டுவருவது. வாலில் உள்ள குழலை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கினால் ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ். குடிக்கிற தண்ணீரில் அப்படித் தொங்கினால் பெரும்பாலும் ஏடிஸ்தான். டெங்கு அதன் வழியாக வருகிறது.

அந்த டிரம்மில் தொங்கிக்கொண்டிருந்தன. வீட்டுக்காரம்மா திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சி. "ஆச்சி, தண்ணியைக் கொட்டிட்டு டிரம்மை உள்ளே நல்லாத் தேய்ச்சுக் கவுத்துங்க" என்றேன். தேய்க்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஏடிஸ் தண்ணீருக்குச் சற்று மேலே, டிரம்மின் சுவரில் முட்டையிடும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தே கிடக்கும். மறுபடி தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். இதையெல்லாம் விளக்கினேன். ஆச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கொட்டச் சொல்லுதியளே அய்யா, நாளைக்குக் கொழாய்ல வரலேன்னா நீங்களா வந்து ஊத்துவிய?"

பதில் சொல்லத் தெரியவில்லை. நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி நான்காக மடித்துத் திருச்செந்தூர் முருகன் காலண்டருக்குப் பின்னால் செருகிவைத்தார்.

கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் விடியுமுன் அதே கல்லிக்குப் போய்க் குழாயடியில் நின்றேன். ஐந்தேகாலுக்குத் தண்ணீர் வந்தது. ஏழு மணிக்குச் சற்று முன்னால் நின்றது. அந்தக் குழாயை நம்பிப் பதினோரு வீடு. ஆளுக்குப் பத்து நிமிடம்கூடத் தேறாது. பத்து நிமிடத்தில் பிடித்ததை வைத்துக்கொண்டு ஆறு பேர் மறுநாள் விடிகிறவரை குடிக்கவும் சமைக்கவும் மோரி என்ற கழுவுமிடத்தில் பாத்திரம் துலக்கவும் குளிக்கவும் வேண்டும். டிரம் இல்லாமல் நடக்குமா? தேய்த்துக் கழுவத்தான் அதில் மிச்சம் இருக்குமா?

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், எத்தனை வீடு, எத்தனை டிரம், அவற்றில் எத்தனையில் புழு. இரண்டு வேளை தண்ணீர் விட்டால் இந்தக் கல்லியில் பாதி டிரம் வேண்டியிருக்காது என்று முடித்தேன். அந்தத் தாள் என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

3. கூரையும் கிணறும்

இந்த ஊரில் சுகாதார அதிகாரி என்றால் ஜனங்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்பதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டு வரலாறு உண்டு.

1896 செப்டம்பரில், தானியக் கிடங்குகள் நிறைந்த மாண்ட்வியில், டாக்டர் அகாசியோ வீகாஸ் பிளேக்கைக் கண்டறிந்தார். சில மாதங்களுக்குள் ஊரில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளியேறிவிட்டார்கள். அதிகாரிகளின் ஆட்கள் வீடு புகுந்து நோயாளிகளைத் தூக்கிப் போனார்கள். வெயில் படட்டும் என்று கூரையைப் பிரித்தார்கள். குடியிருக்கத் தகுதியற்ற வீடு என்பதற்கு அடையாளமாகச் சுவரில் 'யு.எச்.எச்.' என்று மூன்றெழுத்தை எழுதினார்கள். அக்டோபரிலேயே ஆலைத் தொழிலாளர்கள் திரண்டுபோய் ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கினார்கள். 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஜூனில் புனேயில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார்.

இத்தனை அமளிக்கும் நடுவில், பிளேக் எப்படிப் பரவுகிறது என்பது அதிகாரிகளுக்குத் தெரியாது. அழுக்கிலிருந்து வருகிறது என்று நம்பிச் சாக்கடைகளை மருந்து ஊற்றி அலசினார்கள். எலியின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்று பால் லூயி சீமோன் கராச்சியில் சோதித்துக் காட்டியது 1898இல். அலசிய சாக்கடையிலிருந்த எலிகள் எங்கே போயிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் காலத்தின் மிச்சம் இன்றும் நம்மோடு இருக்கிறது. மாநகராட்சியின் எலியடிக்கும் ஊழியர்கள் இரவில் கம்பும் டார்ச்சுமாகக் கிளம்புவார்கள். ஓர் இரவுக்கு ஆளுக்கு 30 எலி கணக்கு. செத்த எலிகள் பிளேக் சோதனைக்குப் பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனத்துக்குப் போகும். மாட்டுங்காவே ஒரு வகையில் பிளேக் பெற்ற பிள்ளைதான். நெரிசலைக் குறைக்க 1898இல் அமைத்த பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட், தாதர்–மாட்டுங்கா பக்கம் அகலத் தெருக்களும் தோட்டங்களுமாகப் புது ஊரைத் திட்டமிட்டது. நம் பாட்டனார்கள் பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியது அந்தத் தெருக்களில்தான்.

இன்னொரு கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1911இல் டாக்டர் பென்ட்லி பம்பாயின் மலேரியாவை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். சேரிச் சாக்கடையைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் காட்டியது கிணறுகளையும் தொட்டிகளையும். அனாபிலிஸ் ஸ்டீஃபன்சி என்ற கொசு தெளிந்த நீரில் வளர்வது. கோட்டைப் பகுதியின் வசதியான வீட்டுக் கிணறுகள் அதற்கு நல்ல இடம். கிணற்றை மூடுங்கள் என்றதும் எதிர்ப்பு எழுந்தது. சமய நம்பிக்கை, பரம்பரை உரிமை என்று மனுக்கள் போயின. 1725இல் வெட்டிய பீக்கா பெஹ்ராம் கிணறு இன்றும் சர்ச்கேட் பக்கத்தில் இருக்கிறது. பார்சிகள் அதை வணங்குகிறார்கள். அது இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. கிணற்றுக்காரரிடம் உட்கார்ந்து பேச முடிந்த அரசாங்கம், கூரைக்காரனிடமும் பேசியிருக்கலாமே என்பதுதான் என் வருத்தம்.

4. எங்காத்துலயா?

இந்தப் பாகுபாடு என்னிடமும் இருந்தது. தாராவியில் கதவு திறந்தே இருக்கும். குனிந்து உள்ளே போய்விடலாம். மாட்டுங்காவில் மணி அடித்து, கதவுக் கண்ணாடியில் முகத்தைக் காட்டி, "செகரட்டரியைக் கேட்டுண்டு வாங்கோ" என்ற பதிலோடு படி இறங்கிய நாட்கள் நிறைய. ஒருமுறை மூன்றாவது மாடியில் ஒரு மாமி உள்ளே விட்டார். "எங்காத்துல கொசுவா? தினம் ரெண்டு வேளை பெருக்கித் துடைக்கறோமே சார்" என்றார். உண்மைதான், தரையில் முகம் பார்க்கலாம். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் மணிபிளான்ட் வைத்த பாட்டில். டார்ச் அடித்தேன். வேர்களுக்கு நடுவே நெளிந்துகொண்டிருந்தன. மாமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஏடிஸுக்கு அழுக்கு வேண்டாம். ஒரு வாரம், பத்து நாள் அசையாமல் நிற்கும் தண்ணீர் போதும். மொட்டை மாடித் தொட்டியின் உடைந்த மூடி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, கட்டுமானம் நடக்கும் இடத்தில் மழைநீர் தேங்கிய குழி, எதுவும் அதற்கு வீடுதான். 2010இல் இந்த நகரத்தில் மலேரியாவுக்கு 145 பேர் பலியானார்கள். வாரம் ஒரு நாள் எல்லாப் பாத்திரத்தையும் காலி செய்து காயவைக்கச் சொல்லும் பிரசாரத்தை அதன் பிறகு நாங்கள் மும்முரமாகச் செய்தோம். மாமி மறுநாளே பாட்டிலைக் காயவைத்துவிட்டார். அவர் வீட்டுக் குழாயில் மறுபடி தண்ணீர் வரும் என்று அவருக்குத் தெரியும். ஆச்சிக்கு அந்த நிச்சயம் கிடையாது.

5. இட்லி குற்றவாளி இல்லை

உணவுக்கு வருகிறேன். மாட்டுங்காவின் உணவகங்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராமாஸ்ரயாவும் கஃபே மெட்ராஸும் நம் குடும்பக் கதைகளில் வருகிற பெயர்கள். அவற்றுக்கு உரிமம் உண்டு, சமையற்கட்டு உண்டு, பலகையில் சான்றிதழ் தொங்கும். நான் பேசுவது தாராவியில் விடியுமுன் அவியும் இட்லியைப் பற்றி. அலுமினியக் குண்டானில் அடுக்கி, சைக்கிளில் கட்டி, ஹார்ன் அடித்துக்கொண்டு நகரமெங்கும் விற்கிறார்களே நம் பிள்ளைகள், அந்த இட்லி.

சோதனைக்குப் போகும் புது ஆய்வாளர் முதலில் இட்லியைத்தான் சந்தேகிப்பார். இட்லி ஆவியில் நன்றாக வெந்துவிடுகிறது. அதில் கிருமி பிழைப்பது கஷ்டம். சாம்பார் கொதிக்கிறது. அடுப்பைப் பார்க்காதது சட்னி மட்டும்தான். தேங்காயை அரைத்துப் பச்சைத் தண்ணீரை விட்டு நீட்டிக் குண்டானில் வைத்து வெயிலில் ஐந்து மணி நேரம் ஓட்டுகிறார்கள். வயிற்றுப்போக்கு வந்தால் நான் முதலில் கேட்பது சட்னிக்குத் தண்ணீர் எங்கே பிடித்தாய் என்பதுதான்.

அந்தத் தண்ணீர் கெடுவதற்கும் ஒரு வழி இருக்கிறது. குழாயில் எந்நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் ஓடினால், ஓட்டை இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். இரண்டு மணி நேரம் விட்டு நிறுத்தினால் மீதி நேரம் குழாய் காலி. கட்டருக்குள்ளேயே ஓடுகிற குழாய். சுற்றி நிற்பது ஓட்டை வழியே உள்ளே இறங்கும். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசம். மறுநாள் முதலில் வரும் தண்ணீர் அதையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும். குளோரின் இருக்கிறதா என்று பார்க்க மருந்துச் சொட்டு விடுவோம். இருந்தால் மஞ்சள் நிறம் காட்டும். சில குழாய்களில் முதலில் பிடித்த தண்ணீர் வெளுப்பாகவே நின்று, கால் மணி நேரம் கழித்துப் பிடித்தது மஞ்சளானதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். "முதல் குடத்தைத் துணி துவைக்க வைங்க, சட்னிக்குக் கொதிக்கவைத்து ஆறின தண்ணி ஊத்துங்க" என்று இட்லிக்காரர்களிடம் சொல்லிவந்தேன். நோட்டீஸ் எழுதியதை விட இந்த இரண்டு வரி அதிக நோயைத் தடுத்திருக்கும் என்பது என் எண்ணம்.

6. ஒரு கல்லி, ஏழு துறை

ஆச்சியின் வாசலில் நின்று பாருங்கள். டிரம்மில் உள்ள புழு பூச்சித் தடுப்புப் பிரிவுக்கு. டிரம்மில் உள்ள தண்ணீர் நீர்ப் பிரிவுக்கு. பக்கத்துக் குப்பை திடக்கழிவுப் பிரிவுக்கு. கட்டர் கழிவுநீருக்கு, நாலா மழைநீர் வடிகாலுக்கு. காய்ச்சல் வந்தால் சுகாதாரத் துறைக்கு. விற்கிற இட்லியின் தரம் மாநில உணவு, மருந்து நிர்வாகத்துக்கு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, மித்தி ஆறு கரை மீறியபோது எலிக்காய்ச்சல் பரவியது. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் புண்ணோடு நடந்த கால் வழியாக வருவது அது. 72 மணி நேரத்துக்குள் டாக்சிசைக்ளின் மாத்திரை போட்டால் தடுக்கலாம். எலிக்கு ஒரு துறை, வெள்ளத்துக்கு ஒரு துறை, மாத்திரைக்கு ஒரு துறை. கால் மட்டும் ஒருவனுடையது.

செம்பூரில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மாஹுல் பக்கமிருந்து ரசாயன நெடி வந்தால் ஜனங்கள் எங்களுக்குத்தான் போன் செய்வார்கள். காற்று எங்கள் நோட்டீஸ் புத்தகத்தில் இல்லை; அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் எல்லை. உள்ளூர் மக்கள் விடாமல் வழக்காடினார்கள். 2020 ஆகஸ்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்குள்ள நான்கு நிறுவனங்கள் மேல் சுமார் 286 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. டிரம்முக்கு நோட்டீஸ் கொடுக்க எனக்கு ஒரு காலை போதும். புகைக்குழாய்க்கு ஒரு தீர்ப்பு வர எத்தனை ஆண்டு!

இப்படித் துறை துறையாகப் பிரிப்பதற்கு மாற்று இல்லாமல் இல்லை. இலங்கையில் 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கினார்கள். ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் தண்ணீர், கழிப்பறை, உணவு, கொசு, தொற்றுநோய் எதுவானாலும் முதலில் போய் நிற்பவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். தெருவில் யாரைக் கேட்டாலும் 'பி.எச்.ஐ.' யார் என்று சொல்வார்கள். 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்ததற்குப் பின்னால் அவர்களுடைய நடையும் இருக்கிறது. நம் தமிழ்நாட்டிலும் 1939லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றினார்கள். இந்தியாவில் அது முன்னோடி.

7. 2020

எல்லாப் பொறுப்பையும் ஒரே கை ஏற்பது தாராவியிலும் ஒருமுறை நடந்தது. 2020 ஏப்ரல் 1 அன்று அங்கே முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டு அன்றிரவே இறந்தார். இரண்டரை சதுர கிலோமீட்டருக்குள் பல லட்சம் பேர். ஏறத்தாழ 80 சதவீதம் பேர் நம்பியிருந்தது சுமார் 450 பொதுக் கழிப்பறைகளை. 'வீட்டுக்குள்ளேயே இருங்கள்' என்ற கட்டளை அங்கே செல்லாது. காலையில் எழுந்து எங்கே போவார்கள்?

அப்போது ஜி வடக்கு வார்டு தலைகீழாக யோசித்தது. கழிப்பறைகளுக்கு நாளுக்குப் பலமுறை மருந்தடித்தார்கள். கோலிக்குள் தனித்திருக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டு பள்ளிகளையும் விளையாட்டு வளாகத்தையும் தனிமை முகாம்களாக்கினார்கள். அடைத்த தெருக்களுக்குச் சோறு கொண்டுவந்தார்கள். உள்ளூர் டாக்டர்களைக் கூட்டிக்கொண்டு வாசல் வாசலாகக் காய்ச்சல் பார்த்தார்கள். ஜூலை 7 அன்று புது நோயாளி ஒருவர் மட்டுமே. ஜூலை 10 அன்று உலகச் சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்.

இதில் அதிசயம் எதுவும் இல்லை என்பது என் தீர்ப்பு. 'நீ ஏன் வெளியே வந்தாய்' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'நீ வெளியே வரக் காரணம் என்ன' என்று கேட்டார்கள். அந்தக் காரணத்துக்கு மாநகராட்சியே பொறுப்பேற்றது. அவ்வளவுதான்.

8. அனுப்பாத தாள்

அந்தத் தாளுக்கு வருகிறேன். குழாயடியில் நின்று கணக்கெடுத்து எழுதினேனே, அதை நான் அனுப்பவில்லை. யாரும் தடுக்கவில்லை. கேட்காத அறிக்கையை எழுதி ஏன் வம்பு, பதவி உயர்வு வருகிற நேரம், தண்ணீர் நம் துறை இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாள் இன்னும் என் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. மடித்த இடம் கிழிந்துவிட்டது. அனுப்பியிருந்தால் தண்ணீர் வந்திருக்குமா என்று தெரியாது. அனுப்பாததால் வரவில்லை என்று யாரும் என்னைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆனாலும் ஆச்சியின் நோட்டீஸில் என் கையெழுத்து இருக்கிறது. எந்த அறிக்கையிலும் இல்லை. இந்தக் கணக்கு எனக்குத் தீராத கணக்கு.

ஆகவே என் வேண்டுகோள்கள் இரண்டு. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று: கல்லிக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். வீட்டுக்குக் கொடுக்கிற ஒவ்வொரு நோட்டீஸுக்கும் பக்கத்தில், அந்தக் குறை எந்தக் குழாயிலிருந்து, எந்தக் கட்டரிலிருந்து, எந்த அலுவலகத்திலிருந்து தொடங்குகிறது என்று எழுதுங்கள். எழுதியதை அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று உங்களுக்கு. மழைக்காலத்தில் டார்ச்சோடு ஆள் வந்தால், மாட்டுங்காவோ செம்பூரோ, கதவைத் திறந்து உள்ளே விடுங்கள். குறை இருந்து நோட்டீஸ் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிக்கொண்டு, "சரி, மேலே என்ன எழுதினீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஆச்சி என்னிடம் கேட்டதும் அதுதான்.